நாலு துடுப்பில் வந்த படகு

முதல் நாளே துடுப்பு என்னை அடித்தது. நீருக்குள் இறக்கியதை நேரத்துக்கு வெளியே எடுக்க எனக்குத் தெரியவில்லை. படகு நகர்ந்துவிட்டது, துடுப்பின் பலகை தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டது, கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சில் குத்தியது. இருந்த வாங்கிலிருந்து மல்லாக்க விழுந்தேன். கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒலுவில் துறைமுகத்தின் கல்லணையில் வரிசையாகக் குந்தியிருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

நான் எழும்பி உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக் கைகாட்டினேன். அழ வேண்டும் போலிருந்தது. ஆனாலும் கையைக் காட்டினேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கல்முனைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு சாய்ந்தமருதில். எங்கள் பாடசாலையில் கடற்படை மாணவர் படையணி தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தது. கடற்படை என்று பெயர்தான். கடல் பக்கம் யாரும் போனதில்லை. விளையாட்டு மைதானத்தில் இடம், வலம் என்று நடப்போம், சுதந்திர தினக் கொடியேற்றம் போல் ஏதாவது விழா வந்தால் வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்போம், அவ்வளவுதான். அந்த வருடம்தான் திருகோணமலையில் நடக்கும் படகுப் போட்டியில் பெண்களும் துடுப்பு வலிக்கலாம் என்று அறிவித்தல் வந்தது. இரண்டு பழைய மரப்படகுகளை லொறியில் ஏற்றி ஒலுவிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று பக்கத்துப் பாடசாலைப் பையன்களுக்கு, மற்றது எங்களுக்கு. ஐந்து பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஆறாவது ஆள் பின்னால் இருந்து சுக்கான் பிடிக்க வேண்டும். வலப்பக்கம் மூன்று துடுப்பு, இடப்பக்கம் இரண்டு.

பழக்குவதற்கு வந்தவர் தென்பகுதிக்காரர். ஐம்பதை நெருங்கிய கடற்படைக்காரர். கொஞ்சம் தமிழ் கதைப்பார். எல்லாப் பெண் பிள்ளைகளையும் சிங்களத்தில் 'நங்கி', அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். கட்டளை மட்டும் ஆங்கிலத்தில் வரும். 'கிவ் வே' என்றால் வலி. ஆங்கிலப் பாடத்தில் அதற்கு வழி விடு, விலகிப் போ என்று படித்திருந்தோம். முதல் தடவை அவர் அப்படிக் கத்தியபோது ஐந்து பேரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு யாருக்கு வழி விடுவது என்று சுற்றிப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நங்கி, நீ சின்னது. பாரம் இல்ல. நீ சுக்கான் பிடி."

"இல்ல சேர். நான் வலிக்கத்தான் வந்தன்."

"வலிக்கக் கை வேணும்."

"ரெண்டு கை இரிக்கி சேர்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "ஒரு கிழமை" என்றார். "மற்ற ஆக்களோட சேர்ந்து வலிக்க ஏலாட்டி, சுக்கான். பிறகு கதை இல்ல."

அந்த ஏழு நாளும் என் உள்ளங்கை உரிந்து, கொப்புளம் வந்து, கொப்புளத்துக்கு மேல் கொப்புளம் வந்தது. உம்மா தேங்காயெண்ணெய் பூசித் துணி சுற்றிவிட்டார். அந்தக் கிழமைக்குள் சொந்தத்தில் ஒரு கலியாண வலீமாச் சாப்பாடு வந்தது. "கையை மூடி வெச்சிக்க, ஆக்கள் கதைப்பாங்க" என்று உம்மா சொன்னார். நான் துணியை அவிழ்த்துவிட்டுப் போனேன். எல்லோருக்கும் பொதுவான பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரே இருந்த மாமி பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள கையில? சுட்டதா?"

"இல்ல மாமி. துடுப்பு."

"என்ன துடுப்பு?"

"படகு வலிக்கிற துடுப்பு."

சஹனில் இருந்த நான்கு கைகளும் நின்றன. கறிச்சட்டி வந்த பிறகுதான் திரும்பவும் அசைந்தன. கை எரிந்துகொண்டிருந்தது, அந்த எரிவோடேயே நன்றாகச் சாப்பிட்டேன்.

கிழமை முடிந்தபோது நான் ஒழுங்காக வலித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து வலித்தேன். பழக்குபவர் சுக்கானை வேறொருத்தியிடம் கொடுத்தார். எங்கள் வகுப்பிலேயே அதிகம் பயப்படுபவள் அவள். பல்லிக்கும் பயம், இடிக்கும் பயம். குரல் மட்டும் மைதானத்தின் அந்தப்பக்கம் வரை கேட்கும். எனக்கு இடப்பக்கத்தின் முன்துடுப்பு கிடைத்தது. அதே பக்கத்தில் மற்றத் துடுப்பு பாலமுனையிலிருந்து வந்த பிள்ளைக்கு. அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உம்மா வீட்டில் தையல் தைப்பவர். அபாயாவும் பாடசாலைச் சீருடையும் தைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. வாப்பா கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். படகுக்கு என்ன உடுப்பு வேணும் என்று பாடசாலையில் யாருக்கும் தெரியவில்லை. உம்மா என்னைச் சின்ன வாங்கொன்றில் இருத்தி, காலை நீட்டச் சொல்லி, விளக்குமாற்றுத் தடியைக் கையில் தந்து, "வலி பாப்பம்" என்றார். நான் வலித்தேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து துணி எங்கே மேலேறுகிறது, எங்கே இறுக்குகிறது என்று பார்த்துச் சோக்குக்கட்டியால் கோடு போட்டார். முழங்காலுக்குக் கீழே வரும் சட்டை, இரண்டு பக்கமும் மடிப்பு வைத்தது. கணுக்காலில் இலாஸ்டிக் வைத்த தொளதொளத்த களிசான். ஊசி குத்தத் தேவையில்லாமல் கழுத்தோடு சேர்ந்து நிற்கும் முக்காடு. ஆறு பேருக்கும் தைத்தார். போட்டுக்கொண்டு போன அன்று பழக்குபவர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆர் தைத்தது?" என்று கேட்டார். "உம்மா" என்றேன். "நல்ல மூளை" என்றார். எங்களைப் பற்றி அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு நீச்சல் வந்தது. உடுத்த உடுப்போடு ஐம்பது மீற்றர் நீந்த வேண்டும், ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். அது ஏலாதவர் போட்டிக்கு வர முடியாது. எங்கள் ஆறு பேரில் நீந்தத் தெரிந்தது பாலமுனைக்காரிக்கு மட்டும். பத்து வயது வரைக்கும் கூடப்பிறந்த நானாமாரோடு கடலில் கிடந்தவள். பதினொன்றில் வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மற்ற ஐந்து பேரும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவர்கள். ஒருத்திக்கும் தலையைத் தண்ணீருக்குள் வைக்கத் தெரியாது. எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கு அதை யாரும் பழக்குவதில்லை.

துறைமுகத்தின் ஒரு மூலையை மணல் மூடியிருந்தது. அந்த மணலால்தான் துறைமுகத்தின் வாய் அடைபட்டுப் படகுகள் வெளியே போக முடியாமல் கிடக்கின்றன என்று மீனவர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது உதவியது. அங்கே இடுப்பளவு தண்ணீர்தான், அலை இல்லை. பாலமுனைக்காரி எங்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

"தண்ணியோட சண்டை புடிக்காத. கழுத்த விடு. நான் புடிச்சிரிக்கன்."

"விட்டிராதடி."

"விட்டு எவ்வளவோ நேரம். நீயாத்தான் மிதக்கிறாய்."

நான் பதறிக் காலை ஊன்றினேன். மணல் தட்டுப்பட்டது. சிரித்துக்கொண்டு திரும்பவும் படுத்தேன். மூன்று கிழமையில் ஐந்து பேரும் தேறிவிட்டோம். சுக்கான்காரி மட்டும் முதல் தடவை நடுவழியில் கத்திக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். இரண்டாம் தடவையும் கத்தினாள், ஆனால் கத்திக்கொண்டே ஐம்பது மீற்றரையும் முடித்தாள்.

நான்காம் கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து தொப்பியோடேயே மாமா வீட்டுக்கு வந்தார். உம்மாவுடைய மூத்த அண்ணன்; உம்மா காக்கா என்பார். பள்ளிவாசல் விஷயங்களில் முன்னுக்கு நிற்பவர். எங்களுக்கு வாப்பா ஊரில் இல்லாத குறை தெரியாமல் எல்லாவற்றையும் செய்து தந்தவரும் அவர்தான்; அதையும் மறைக்கக் கூடாது. கதிரையில் உட்கார்ந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா தையல் மெசினை நிறுத்தவில்லை.

"ஊரெல்லாம் கதைக்கிது தங்கச்சி."

"என்ன கதைக்கிது காக்கா?"

"வயசு வந்த புள்ளையள் களிசான் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, ஆம்புளையள்ற முன்னுக்குப் படகு வலிக்கிதாம்."

"களிசான் நான்தான் தச்ச. சட்டை முழங்காலுக்குக் கீழ இரிக்கி. வேணுமெண்டா அளந்து பாருங்க."

"சட்டைட கதையில்ல இது. கூடப் போறது ஆர்? பாதுகாப்புக்கு ஆர் இரிக்கா?" மாமா என்னைப் பார்த்தார். "மகள், நீ கோவிக்காத. உன்ட நல்லதுக்குத்தான். அதிபருக்குக் கடிதமொண்டு போயிரிக்கி. நானும் கையொப்பம் வெச்சன்."

மெசின் நின்றது. உம்மா நூலைக் கடித்து அறுத்தார்.

"காக்கா, நம்மட தங்கச்சி எப்பிடி மௌத்தான?"

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலையில் அவர்களுடைய கடைசித் தங்கச்சி போய்விட்டார். நான் பிறந்தது அடுத்த வருடம். சின்னம்மாவை எனக்குப் படத்தில்தான் தெரியும். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை.

"அது அல்லாஹ்ட நாட்டம்" என்றார் மாமா.

"ஓம். அவன்ட நாட்டம்தான். நான் அதக் கேக்கல்ல. அவளுக்கு நீந்தத் தெரியா. சாரி கால்ல சுத்திட்டு. மூணு வளவுக்கு அங்கால, கம்பி வேலியில மாட்டிக் கிடந்தாள். நீங்கதான் தூக்கிக்கொண்டு வந்த. அந்தச் சாரிய அவிழ்க்க ஏலாம இந்தக் கத்தரிக்கோலாலதான் நான் வெட்டின." உம்மா மெசின் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினார். அவருடைய குரல் உயரவே இல்லை. "அண்டைக்கு அவளுக்குப் பாதுகாப்புக்கு ஆர் இரிந்த?"

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அடுக்களை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். மாமா எழும்பினார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீந்துறதும் படகு வலிக்கிறதும் ஒண்டில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான். இரண்டும் ஒன்றில்லை. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பாடசாலை அதிபர் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். நல்ல மனுசி, ஆனால் ஊரோடு மோதிப் பழக்கமில்லாதவர். மேசையில் கடிதம் கிடந்தது.

"புள்ளையள், நிலைமை சரியில்ல. இந்த முறை போட்டிக்கு வேணாம். அணிவகுப்ப வழமை போலச் செய்ங்க."

மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். என் காது சூடாகியது.

"டீச்சர், கடிதத்தில என்ன எழுதியிரிக்கி எண்டு பாக்கலாமா?"

"அது உங்களுக்குத் தேவையில்ல."

"எங்களப் பத்தித்தானே டீச்சர் எழுதியிரிக்கி."

அவர் கடிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நீளமான கடிதம். நடுவில் ஒரு வரி: 'பாதுகாவலர் எவருமின்றி இம்மாணவிகள் அழைத்துச் செல்லப்படுவது கவலைக்குரியது.' அந்த வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"திரும்ப வாசி" என்றார் உம்மா. வாசித்தேன். "பாதுகாவலர் இல்லையெண்டுதான் கவலையா? அப்ப அத நாம தீத்து வெப்பம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

புதன்கிழமை பின்னேரம் ஒலுவிலுக்கு ஒரு வானும் இரண்டு ஓட்டோவும் வந்து நின்றன. ஆறு உம்மாமாரும் இறங்கினார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு, இன்னொருவர் பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியோடு. அபாயாவும் குடையுமாகப் போய்க் கல்லணையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் வழமையாகக் குந்தியிருக்கும் பையன்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழும்பிப் போனார்கள்.

பழக்குபவர் எங்களிடம் வந்தார்.

"இது ஆர்?"

"பாதுகாவலர், சேர்" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

"போட்டி முடியிற வரைக்கும் சேர்."

அவர் போய்ப் படகுக் கொட்டிலிலிருந்து இரண்டு வாங்கை எடுப்பித்து நிழலில் போடச் செய்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதியே இல்லை. உம்மாமாருக்கு இரண்டு நாளில் எல்லாம் விளங்கிவிட்டது. "அந்த மூலையில இரிக்கிறவள் நித்திரை கொள்றாள்!", "எல்லாரும் ஒண்டா இறக்குங்களன்டி!", "எங்கட புள்ளதான் சரியா வலிக்கிது, மத்ததுகள் பிந்துது!" என்று கரையிலிருந்து சத்தம் வரும். அதிபர் ஒரு நாள் பார்க்க வந்தார். உம்மாமாரோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "கடிதத்துக்கு நான் பதில் எழுதுறன்" என்றார். பெற்றோர் உடனிருக்கிறார்கள், அணி போட்டிக்குப் போகும் என்று இரண்டே வரி எழுதினாராம். ஊர் வாய் அதோடு மூடவில்லை. ஆனால் எழுத்தில் வேறொன்றும் வரவில்லை.

திருகோணமலையில் கடல் ஒலுவிலைப் போல இல்லை. மலைகளுக்கு நடுவில் கறுத்து, ஆழமாகக் கிடந்தது. மணல் மூலையெல்லாம் அங்கே இல்லை. பெண்களுக்கான ஓட்டத்தில் ஐந்து படகுகள். மற்ற நான்கு அணியும் எங்களை விட உயரம், தோள் அகலம். எங்கள் முக்காட்டையும் நீளச் சட்டையையும் பார்த்துப் பக்கத்துப் படகில் இருந்தவள், "இதோட வலிக்க ஏலுமா?" என்று சாடையில் கேட்டாள். "பார்" என்று நானும் சாடையில் சொன்னேன். உம்மாமார் கரையில் கொட்டகைக்குள் இருந்தார்கள். படகு வலிப்பவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சுக்கான்காரியின் முகம் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டம் தொடங்கத் துவக்கு வெடித்தது. "கிவ் வே!" என்று சுக்கான்காரி கத்தினாள். பாதித் தூரம் வரைக்கும் நாங்கள் மூன்றாவதாக இருந்தோம். இதை நான் மட்டும் சொல்லவில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மூச்சும் துடுப்பும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் உடம்பு அப்படி ஒரு தடவைதான் நான் சொன்னபடி கேட்டிருக்கிறது.

அப்போது எனக்கு முன்னால் ஏதோ கிளிக் என்றது. பாலமுனைக்காரியின் துடுப்பைத் தாங்கியிருந்த இரும்புக் கவை துளையிலிருந்து எகிறித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அவளுடைய துடுப்பு வெறும் தடியாக ஆடியது. வலப்பக்கம் மூன்று பேர், இடப்பக்கம் நான் தனி. படகு என் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. ஒரு படகு எங்களைக் கடந்தது. இன்னொன்றும் கடந்தது.

"என்ன செய்ய? என்ன செய்ய?" என்று சுக்கான்காரி கத்தினாள்.

"இஞ்ச வா!" நான் பாலமுனைக்காரியைப் பார்த்துக் கத்தினேன். "என்ட துடுப்புக்கு வா!"

அவள் தன் துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் இருந்தவளைத் தாண்டித் தவழ்ந்து வந்து என் வாங்கில் ஏறினாள். படகு ஆடித் தண்ணீர் உள்ளே தெறித்தது. ஒருவர் இருக்கும் இடத்தில் இரண்டு பேர். நான்கு கை ஒரு துடுப்பில். முதல் நாலைந்து தடவை அவளுடைய முழங்கை என் விலாவில் இடித்தது. பிறகு பிடிபட்டது. சுக்கான்காரி பின்னால் இருந்து சுக்கானை முழுப் பலத்தோடு மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். படகு கோணல்மாணலாகத்தான் போனது, ஆனால் போனது.

மற்ற நான்கு படகும் முடித்துவிட்டன. கரையில் கைதட்டல் கேட்டு ஓய்ந்தது. பாதுகாப்பு இயந்திரப் படகு எங்கள் பக்கத்தில் வந்தது. அதில் நின்ற இளம் கடற்படைக்காரர் கயிற்றைச் சுருட்டி எறியத் தயாரானார்.

"கயிறு பிடிங்க நங்கி. இழுத்துக்கொண்டு போறம்."

"வேணாம்" என்றாள் பாலமுனைக்காரி.

"போட்டி முடிஞ்சுது."

"எங்களுக்கு இன்னம் முடியல்ல" என்றேன்.

இழுத்துக்கொண்டு போனால் ஓடியதாகக் கணக்கில்லை, படகின் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவார்கள் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதை நான் அந்த நேரத்தில் யோசித்தேனா என்று தெரியவில்லை. கயிறு என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு எரிந்தது, அவ்வளவுதான் ஞாபகம். ஒலிபெருக்கியில் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் அறிவித்தார்கள்: அடுத்த போட்டிக்காக ஓடுபாதையிலிருந்து விலகி வழி விடவும். அடுத்த ஓட்டத்துப் படகுகள் வரிசையில் வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சுக்கான்காரியைப் பார்த்தேன். அவளுடைய உதடு நடுங்கவில்லை. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்: "கிவ் வே! கிவ் வே!"

வலித்தோம். என் கையில் தோல் இருந்ததா என்று தெரியவில்லை. கரையிலிருந்து ஆறு உம்மாமாரும் கொட்டகையை விட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி வந்து கத்தியது கேட்டது. என்ன கத்தினார்கள் என்று விளங்கவில்லை. கோட்டைத் தாண்டியபோது மணி அடித்தது. எல்லோருக்கும் அடித்த அதே மணிதான். அதற்குப் பிறகுதான் துடுப்பை விட்டோம். பாலமுனைக்காரியின் விரல்களை என் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இறங்குதுறையில் பழக்குபவர் நின்றார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"அஞ்சாவது. அஞ்சு படகில அஞ்சாவது." விரல்களை மடக்கினார். "கயிறு பிடிச்சிருந்தா எழுத மாட்டாங்க. இப்ப எழுதுவாங்க." எங்களுடைய முகம் மலர்வதற்குள், "இரும்புக் கவையைக் கட்டிவைக்கிற சின்னக் கயிறு எங்க?" என்று கேட்டார்.

பாலமுனைக்காரி கையை உயர்த்தினாள். "காலையில துடைக்கக் கழட்டின சேர். திரும்பக் கட்ட மறந்திட்டன்."

மூன்றாம் இடத்தை நாங்களே கழற்றிப் போட்டிருந்தோம். அவர் ஆறு பேரையும் அங்கிருந்த மைதானத்தைச் சுற்றிப் பத்துத் தடவை ஓட வைத்தார். அவள் அழுதுகொண்டே ஓடினாள். நாங்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் ஓடினோம். எட்டாவது சுற்றில் அவளே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஊருக்கு வந்தபோது சந்தியில் பெரிய பதாகை தொங்கியது. பையன்கள் இரண்டாமிடம் எடுத்திருந்தார்கள். அவர்களுடைய படம், வாழ்த்து, வாழ்த்தியவர்களின் பட்டியல். எங்களைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் பாடசாலைச் சஞ்சிகையின் அச்சுப்பிரதியில் 'படகுப் போட்டியில் எமது மாணவிகளும் பங்குபற்றினர்' என்று இருந்ததைப் பார்த்தபோது நேரே அதிபரிடம் போனேன்.

"டீச்சர், பங்குபற்றின இல்ல. அஞ்சாமிடம் வந்தம்."

"அஞ்சு பேர்ல அஞ்சாமிடம் எண்டு போட்டா நல்லாவா இரிக்கும் மகள்?"

"நல்லா இல்லாட்டியும் பரவால்ல டீச்சர். அதான் நடந்த."

அவர் பேனையை எடுத்துத் திருத்தினார். அந்தச் சஞ்சிகை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வருடம் பெண்களுக்குப் படகு வரவில்லை. துறைமுகத்தில் மணல் கூடிவிட்டது என்றார்கள். பையன்கள் வேறிடத்தில் பழகினார்கள். பெண்களை அவ்வளவு தூரம் யார் கொண்டுபோவது என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வியே பதிலாகிவிட்டது. நான் பாடசாலையை விட்டு வெளியே வந்துவிட்டதால் அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்னும் எனக்கு ஆத்திரம்தான்.

இப்போது ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் நானும் பாலமுனைக்காரியும் பதினொரு பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறோம். அவள் கலியாணம் முடித்துவிட்டாள். மாப்பிள்ளைதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். பிள்ளைகளின் உடுப்பை உம்மா தைத்துத் தருகிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு தடவை இரண்டு பேர் வந்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு வரவில்லை. வந்தாலும் அதே பதில்தான்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமா வீட்டில் சாப்பாடு. கொழும்பிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா என்னைக் காட்டி, "இவதான் எங்கட தோணிக்காரி. திருகோணமலை வரைக்கும் போய்க் கடைசியா வந்தவ" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"ஓம் மாமா" என்றேன். "ஆனாக் கயிறு புடிக்காம வந்த."

"அதென்ன கயிறு?" என்று வந்தவர்களில் ஒருவருடைய மனைவி கேட்டார்.

நான் கையைக் கழுவவில்லை. துவக்கு வெடித்ததிலிருந்து மணி அடித்தது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கவை எகிறியதைச் சொன்னேன், அதைக் கட்ட மறந்தது நாங்கள்தான் என்பதையும் சொன்னேன். மாமா தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன்; சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் இன்றுவரைக்கும் அதற்கு உடன்பட்டவரில்லை, இனியும் உடன்பட மாட்டார். அவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக நான் சொல்லவும் இல்லை. கேட்டவருக்குச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, ஆறிப்போன சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன்.